உளி முனைக் கத்தியின் பயன்



கத்தி ஒன்றை வரையுங்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் தெரியுமா? நீண்ட அலகு, வளைந்த வாய், ஊசிபோல் ஒடுங்கிய நுனி. பையன்கள் சிலர் அந்த நுனியிலிருந்து இரண்டு சொட்டு இரத்தமும் வழியவிட்டுச் சிவப்புப் பென்சிலால் நிரப்பிவிடுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய குடும்பத்துக்குச் சோறு போட்ட கத்திக்கு ஊசி நுனியே கிடையாது. சிலருடைய தாய் தகப்பன் இன்றும் அந்தக் கத்தியைப் பிடிக்கிறார்கள்; மற்றவர்களின் தாத்தா பாட்டி பிடித்தார்கள். பாட்டி இருட்டோடு எழுந்து எடுத்துப்போன பால்வெட்டுக் கத்திக்கும் ஊசி நுனி இல்லை. தாத்தா செம்பனைக் காட்டுக்குத் தோளில் சுமந்துபோன உளிக்கும் இல்லை. திரைப்படத்தில் பார்த்த கத்தி பிள்ளைகளின் மனத்தில் நிற்கிறது. வீட்டுச் சுவரில் செருகியிருந்த கத்தி நிற்கவில்லை.

ஆகவே, அந்த மறக்கப்பட்ட கத்தியைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணினோம். அதற்கு உளி முனைக் கத்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உளி முனை என்றால் என்ன? சாதாரணக் கத்திக்கு வெட்டும் ஓரம் பக்கவாட்டில் இருக்கிறது. அந்த ஓரத்தைத்தான் தச்சர்கள் வாய் என்பார்கள். உளி முனைக் கத்திக்கு வாய் பக்கத்தில் இல்லை, நுனியிலேயே இருக்கிறது. அலகின் முன்புறம் குறுக்காக நேராக, அல்லது கொஞ்சம் சாய்வாக வெட்டி நிறுத்தியதுபோல் இருக்கும். அந்தக் குறுக்கு ஓரம் ஒரு முகத்தில் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். மறுமுகம் பலகைபோல் தட்டையாக இருக்கும். சில கத்திகளில் பக்கவாட்டிலும் ஒரு வாய் இருக்கும். ஆனால் வேலையின் பெரும்பகுதி நுனியில்தான் நடக்கிறது.

இவ்வளவுதானா, இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு கையின் பலம் போகும் வழியில் இருக்கிறது. பக்கவாய்க் கத்தியால் வெட்டும்போது கை ஒரு திசையில் நகர, வெட்டு வேறொரு திசையில் இறங்குகிறது. உளி முனையில் அப்படியன்று. முன்கை, மணிக்கட்டு, பிடி, அலகு, வாய் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. எந்த இடத்தைக் கண் பார்க்கிறதோ அந்த இடத்திலேயே பலம் போய்ச் சேருகிறது. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுதான் வெட்டு. தள்ளுவதை நிறுத்தினால் வெட்டும் நின்றுவிடும்.

ஊசி நுனியைத் தள்ளிப் பாருங்கள். முழுப் பலமும் ஒரு புள்ளியில் சேருவதால் அது சடக்கென்று உள்ளே இறங்குகிறது. எவ்வளவு ஆழம் இறங்கும் என்று சொல்ல முடியாது. பலகையில் இறங்கினால் பரவாயில்லை. வழுக்கி உள்ளங்கையில் இறங்கினால்தான் தொல்லை. அகன்ற வாய் அந்தப் பலத்தைத் தன் அகலம் முழுவதும் பங்கிட்டுக் கொள்கிறது. அதனால் அது குத்துவதில்லை, சீவுகிறது. தட்டை முகத்தைக் கீழே வைத்துத் தள்ளினால் மேற்பரப்பை ஒட்டியே போகும். சரிவு முகத்தைக் கீழே வைத்தால் தோண்டி வெளியே வரும். ஒரே கருவிக்கு இரண்டு குணம். தச்சு வேலை பார்த்தவர்களுக்கு இது பாலபாடம். மற்றவர்கள் ஒரு சோப்புக் கட்டியில் செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும்.

இன்னொன்றும் உண்டு. ஊசி நுனிதான் கத்தியின் மிக மெல்லிய பகுதி. மனிதர்கள் கத்தியைக் கொடுத்தால் எதையாவது நெம்பாமல் இருக்கமாட்டார்கள். நெம்பினால் முதலில் முறிவது அந்த நுனிதான். முறிந்த துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. உளி முனையில் அலகின் முழுக் கனமும் வாய்க்குச் சற்றுப் பின்னால்வரை வந்து தாங்குகிறது.

இந்த அறிவை நம் நாட்டில் பெரிய அளவில் பயன்படுத்தியது ரப்பர்த் தோட்டம்தான். இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராவில் உள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வளர்ந்துவிட்டது, பாலை எடுப்பது எப்படி? அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி பட்டையோடு நிற்குமா? கட்டைவரை இறங்கிவிடும். பட்ட இடமெல்லாம் புண்ணாகி, முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். காட்டில் ஆயிரம் மரம் தானாக வளர்ந்து நிற்கும்போது அது பெரிதாகத் தோன்றாது. காசு போட்டு நட்டு, ஆறேழு ஆண்டு காத்திருந்து வளர்த்த மரத்தில் அதைச் செய்ய முடியுமா?

1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி இந்தக் கேள்விக்கு விடை கண்டார். மரத்தைக் கொத்த வேண்டாம். பட்டையில் சாய்வாக ஒரு கோடு திறந்து, அடுத்த முறை அதே கோட்டின் கீழோரத்தை மெல்லிய சீவலாக எடுத்தால் போதும் என்று காட்டினார். ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும்போது பால் குறையாமல், முதல்நாளைவிட அதிகமாகவே வருகிறது என்பதையும் கண்டார். கொத்துவதிலிருந்து சீவுவதற்கு மாறிய அந்த ஒரு மாற்றத்தின்மேல்தான் மலாயாவின் ரப்பர்த் தொழில் எழுந்தது எனலாம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கும் அதற்கும் தொடர்பு இல்லாமலில்லை.

இனி அந்தச் சீவலைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். ரப்பர் மரத்தின் பட்டைக்கு உள்ளே, கட்டையை ஒட்டி, கேம்பியம் என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. மரத்தை வளர்ப்பதும், சீவி எடுத்த பட்டையை மீண்டும் உண்டாக்குவதும் அந்தப் படலந்தான். பால் குழாய்கள் அதிகமாக இருப்பது எங்கே தெரியுமா? அந்தப் படலத்துக்கு மிக அருகில் உள்ள உள்பட்டையில். ஆகவே வெட்டு மேலாக நின்றுவிட்டால் பால் இல்லை. ஆழமாகப் போனால் படலம் காயப்படும். இரண்டுக்கும் நடுவே விடவேண்டிய இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சீவலின் கனமும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். பட்டை தீர்ந்தால் மரம் நின்றும் பயனில்லை.

இந்தக் கணக்கை விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியோடு, ஒரு நாளைக்கு 400, 500 மரத்தில் செய்யவேண்டும். ஏன் விடியுமுன்? வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்கும். பால் குழாய்கள் மரத்தில் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், அந்தப் பக்கமாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இந்தச் சாய்வைப் பாகைமானி இல்லாமல் பிடித்தார்கள். நம் வகுப்பில் பாகைமானியைக் கையில் கொடுத்தும் 30 பாகை வரையத் திணறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நமக்கு அந்தப் பாட்டிமார்களின் நினைவு வராமலிருப்பதில்லை.

நம் நாட்டுப் பால்வெட்டுக் கத்தி நேரான உளியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் நுனி ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் மடிந்திருக்கும். வாய் அந்த மடிப்பில் இருக்கும். தள்ளாமல் தன்பக்கம் இழுத்துச் சீவுவார்கள். ஆனால் வாய் நுனியில் இருப்பதும், மடிப்பு ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும் உளியின் குணமே. கீழ்ப்பட்டை தீர்ந்து, மேற்பட்டையைக் கீழிருந்து மேலாக வெட்டும்போது, நீண்ட பிடியுள்ள, குடைவான உளியைப் பயன்படுத்தித் தள்ளியே வெட்டுவதும் உண்டு. அங்கே உளி தன் சொந்த வடிவத்திலேயே வந்துவிடுகிறது.

தோட்டத்தில் காயம் பார்ப்பது என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். கங்காணியோ தண்டலோ மரம் மரமாகச் சென்று, கோட்டில் கட்டை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் ஏச்சு விழும். ஏச்சு அன்றோடு போகும், காயம் போகாது. காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பல ஆண்டு கழித்து அந்தப் பக்கம் மீண்டும் வெட்டவரும்போது கத்தி சீராக ஓடாது. இன்றைக்கு வெட்டுகிறவளின் அவசரம், பத்தாண்டுக்குப் பின் வெட்ட வருகிறவளின் கூலியைக் குறைக்கும். அந்தப் பின்னவள் பெரும்பாலும் அவளுடைய மகளாகவோ மருமகளாகவோ இருந்தாள். மழுங்கிய கத்தியைத் தோட்டத்தில் யாரும் பொறுக்காததற்குக் காரணம் அதுதான். மழுங்கிய கத்திக்குப் பலம் அதிகம் கொடுக்க வேண்டும்; பலம் அதிகமானால் ஆழம் தவறும்.

ரப்பருக்குப் பிறகு செம்பனை. கோலசிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனையை வாணிப நோக்கோடு நட்டார். பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. அந்த மாற்றத்தில் வீடுகள் போயின, பள்ளிகள் சில இடம் மாறின, கத்தியும் மாறியது. ஆனால் அங்கேயும் முதலில் கையில் வந்தது உளிதான்.

செம்பனை நட்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் காய்ப்புக்கு வருகிறது. அப்போது மரம் குட்டை. குலை தரைக்குப் பக்கத்தில், மட்டைக்கும் தண்டுக்கும் இடையே நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் முள். கையை உள்ளே விட முடியாது; அரிவாளை வீசவும் இடமில்லை. நீண்ட இரும்புக் குழாயில் பொருத்திய அகன்ற உளியை மட்டையின் இடுக்கில் நுழைத்து, குலையின் காம்பில் வாயை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் காம்பு அறுந்து குலை விழுகிறது. மட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. இதுதான் முக்கியம். இளமரத்துக்கு ஒவ்வொரு மட்டையும் சமையற்கட்டு மாதிரி. வெயிலை வாங்கி உணவாக்குவது அது. குலையை எடுக்கிற சாக்கில் மட்டைகளையும் வெட்டித் தள்ளினால், அடுத்து வரும் குலைகள் சிறுத்துப் போகும். எனவே இளமரத்துக்குச் சுமார் மூன்று அங்குல அகலமுள்ள உளி. மரம் தடித்து, காம்பும் தடித்த பிறகு ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட அகல உளி. மரம் தலைக்கு மேலே உயர்ந்துவிட்டால் உளி எட்டாது. அதன்பிறகு நீண்ட கழியில் கட்டிய அரிவாளின் ஆட்சி.

செம்பனைக் காட்டில் முப்பது ஆண்டு பழம் வெட்டிய பெரியவர் ஒருவரிடம் இரண்டில் எது நல்லது என்று கேட்டோம். “வாத்தியாரே, அரிவாள் நம்மள இழுத்துக்கிட்டுப் போகும். உளி நாம வச்ச எடத்துல நிக்கும்” என்றார். பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த விசையியல் பாடம் முழுவதையும் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். இப்போது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய, இயந்திரத்தால் இயங்கும் வெட்டுக் கருவிகள் வந்துள்ளன. இயந்திரம் வந்தாலும், இளமரத்தின் இடுக்கில் நுழைவதற்கு உளி வாயைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை.

சரி, தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இதனால் என்ன பயன்? இனி வீட்டுக்கு வருவோம்.

தேங்காயை உடைத்து, பருப்பைக் கீறி எடுப்பது நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கும் காரியம். ஒரு கையில் மூடி, மறு கையில் ஊசி நுனிக் கத்தி. நுனியை ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே செருகி நெம்பும்போது அது வழுக்கினால் நேரே உள்ளங்கையில்தான் பாயும். இடது உள்ளங்கையில் பழைய தழும்பு உள்ள தாய்மார்கள் எத்தனை பேர் என்று நேயர்கள் தத்தம் வீட்டிலேயே விசாரித்துப் பார்க்கலாம். அதே இடத்தில், ஒரு விரல் அகலமுள்ள, கனத்த, நுனி தட்டையான கத்தி இருந்தால் பருப்பு பத்தை பத்தையாகப் பெயர்ந்து வரும். இதற்கு வாய் சவரக்கத்திபோல் இருக்கவேண்டியதில்லை. சற்று மந்தமாக இருப்பதே நல்லது. மூடியையும் கையில் ஏந்தாமல், மடித்த துணியின்மேல் மேசையில் வைத்துச் செய்தால் இன்னும் நலம்.

கதவுக்குக் கீல் பொருத்தப் பள்ளம் எடுப்பது, சுவரில் உரிந்த சாயத்தைச் சுரண்டுவது, தரையில் ஒட்டிப்போன மெழுகையும் சுவிங்கத்தையும் எடுப்பது, சிமெண்டுத் தரை வெடிப்பில் முளைத்த புல்லைப் பிடுங்குவது, பழைய தபால் தலையின் அடியில் காய்ந்த பசையைப் பெயர்ப்பது என்று சொல்லிக்கொண்டே போகலாம். பெட்டியைக் கட்டியுள்ள நெகிழி நாடாவை அறுக்க, நுனியின் ஒரு மூலையை நாடாவின் அடியில் செருகித் தூக்கினால் போதும். உள்ளே இருக்கும் துணி கிழியாது. ஊசி நுனியால் பெட்டியைத் திறந்து, புதுச் சட்டையின் முதுகில் கோடு போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒட்டுக் கட்டும் கத்திகள் பலவற்றிலும், பட்டையைத் தூக்கிப் பிரிப்பதற்கென்று தட்டையான ஒரு முனை இருப்பதை நாற்று மேடைகளில் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. உளி முனை எல்லா வேலைக்கும் ஆகாது. கெம்போங் மீனின் வயிற்றைக் கீறுவதற்கு நுனி வேண்டும். உருளைக்கிழங்குத் தோலைச் சீவப் பக்கவாய் வேண்டும். ஒரே கத்தியில் பத்து வேலை என்று சந்தையில் கூவி விற்கிறார்கள். அப்படிப்பட்ட கத்தி பெரும்பாலும் பத்து வேலையையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

அன்றாடம் கத்தியைக் கூடவே வைத்திருக்கும் பழக்கம் நம்மவர்களுக்குப் புதிதன்று. பனையோலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஓலை வாருவதற்கான சிறு கத்தி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். புலவர் இடுப்பிலும் கணக்கர் இடுப்பிலும் அது இருந்தது. கத்தி வைத்திருப்பவன் என்றால் படித்தவன் என்று பொருள்பட்ட காலமும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லும்போது நம் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

இனி, தீட்டுவது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் வாங்கிய கத்தியைத் தீட்டத் தெரியாதவர் கையில் அது ஆறு மாதத்தில் வெறும் இரும்புத் துண்டாகிவிடும்.

உளி முனையைத் தீட்டுவது மற்றக் கத்திகளைவிட எளிது. வளைவு இல்லை, நுனி இல்லை. நேரான ஒரு குறுக்கு ஓரம் மட்டுமே. எண்ணெய்க் கல்லையோ நீர்க் கல்லையோ அசையாதபடி ஈரத்துணியின்மேல் வையுங்கள். சரிவு முகத்தைக் கல்லில் வைத்து, அது முழுவதும் படியும்வரை பிடியை மெதுவாக உயர்த்துங்கள். மர வேலைக்கு அந்தச் சாய்வு 25 பாகையளவில் இருப்பது வழக்கம். கடினமான பொருளைச் சுரண்டும் கத்திக்கு 30 பாகை, அதற்கு மேலும் இருக்கலாம். கூர்மை சற்றுக் குறையும், ஆனால் வாய் சீக்கிரம் பல் விழாது. சாய்வைப் பிடித்துக்கொண்டு, கல்லின் முழு நீளமும் பயன்படுமாறு தேயுங்கள். கல்லின் நடுவிலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் அங்கே குழி விழும். குழி விழுந்த கல்லில் நேரான வாய் வராது.

கொஞ்ச நேரத்தில் தட்டை முகத்தின் ஓரத்தில் விரலை வைத்து வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும். ஓரத்தின் குறுக்கே மட்டும் தடவுங்கள். நீளவாக்கில் தடவினால் விரல் போய்விடும். பிசிறு அகலம் முழுவதும் வந்துவிட்டது என்றால் சரிவைத் தேய்த்தது போதும். இப்போது கத்தியைத் திருப்பி, தட்டை முகத்தைக் கல்லில் முழுக்கப் படியவைத்து இரண்டு மூன்று முறை தேய்த்தால் பிசிறு கழன்றுவிடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிசிறை எடுக்கும் அவசரத்தில் தட்டை முகத்தையும் சற்றே தூக்கித் தேய்த்துவிடுவார்கள். ஒருமுறை தூக்கினால் அந்த முகம் தட்டையாக இராது. தட்டையாக இல்லாத உளி, மேற்பரப்பை ஒட்டிப் போகாமல் வழுக்கும். பிறகு அதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும்.

சாணைச் சக்கரத்தில் தீட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம் காட்டும், அப்புறம் பழுப்பு, பிறகு நீலம். நீலம் என்றால் வெப்பம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று அர்த்தம். சாதாரண எஃகுக் கத்தியின் பதம் அங்கே போய்விடும்; அந்த இடம் இனிக் கூர்மையைத் தாங்காது. பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் வைத்து, விரலுக்குச் சூடு தெரியுமுன் தோய்த்துத் தோய்த்து எடுக்க வேண்டும். பட்டறைகளில் உடைந்த இரும்பு அறுக்கும் பிளேடைத் தேய்த்துச் சிறு உளி முனைக் கத்தி செய்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது. கம்பியின் மேலுறையைச் சுரண்ட அது நன்றாகத்தான் உதவுகிறது. ஆனால் அந்தப் பிளேடுகளில் சில கண்ணாடிபோல் முறியக்கூடியவை. அவற்றை நெம்புவதற்குப் பயன்படுத்தக் கூடாது. தேய்க்கும்போது கண்ணாடி அணியாமல் இருக்கவும் கூடாது.

பால்வெட்டுக்கோ பச்சை மரத்துக்கோ போய்வந்த கத்தியை அன்றே துடைத்துவிட வேண்டும். மரச்சாறும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஒரே இரவில் துரு பூக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

அடுத்து, கத்தியை எடுத்துச் செல்வது. இங்கே நம் இளைஞர்களுக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும். அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் பற்றி நம் நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சட்டபூர்வமான அனுமதியோ நேர்மையான காரணமோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி குற்றம். நுனி தட்டையாக இருக்கிறது, இது குத்தாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஏன் வைத்திருக்கிறாய், எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி. காலை ஐந்து மணிக்கு வாளியோடும் கத்தியோடும் தோட்டத்துக்குப் போகிற பெண்ணிடம் அதற்கு விடை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு உணவுக்கடை வாசலில் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற பையனிடம் என்ன விடை இருக்கும்? நம் பிள்ளைகளில் சிலர் கத்தியால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். கத்தி வேலைப் பெட்டியில் இருக்கட்டும். வேலை முடிந்தால் பெட்டியோடு வீடு திரும்பட்டும். பள்ளிப் பையில் அதற்கு இடமே இல்லை. கைவேலைப் பாடத்துக்கு வேண்டிய கருவிகளைப் பள்ளியே வைத்திருக்கும். ஆசிரியர் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்.

பெட்டிக்குள்ளும் வாய் மூடியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது திறந்த கத்தியை இடுப்பிலோ கூடையிலோ வைத்துக்கொண்டு விழுந்தால், விழுந்த காயத்தைவிடக் கத்திக் காயம் பெரிதாகிவிடும். உறைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மிதிவண்டியின் பழைய டயரில் ஒரு சாண் வெட்டி, இரண்டாக மடித்து, ஓரத்தைக் கம்பியால் தைத்தால் உளி முனைக்குப் பொருத்தமான உறை தயார். கம்பியின் முனைகளை வெளிப்பக்கமாகத் தட்டி மடக்கிவிட வேண்டும். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் வாய் அதில் உரசி மழுங்கும். செம்பனை உளிக்குத் தடித்த இரப்பர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டி, ஒரு கயிற்றால் கட்டிவிடலாம்.

கடைசியாக, வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர்கள் என்ன அகலத்தில் வாங்குவது என்று கேட்கக்கூடும். தேங்காய்க்கும் சில்லறைச் சுரண்டல் வேலைக்கும் முக்கால் அங்குலம் போதும். கதவு, சன்னல் வேலையும் பார்ப்பவர் ஓர் அங்குலத்தில் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்படிக் கத்தியும் சாயம் சுரண்டும் கத்தியும் ஒன்றாக இருக்கக் கூடாது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு; அது தேங்காயில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டின் பிடியிலும் வேறு வேறு நிறத் துணி நாடாவைச் சுற்றி வைத்துவிடுங்கள்.